இரட்டையரில் ஒருவரை மட்டும் அதே வகுப்பில் நிறுத்தலாமா? பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

கல்வியாண்டு முடியப்போகும் நேரத்தில் வகுப்பாசிரியர் பெற்றோரை அழைத்து, "இவள் அடுத்த வகுப்புக்குத் தயார், இவன் இன்னும் ஒரு வருடம் இதே வகுப்பில் இருந்தால் நல்லது" என்று சொல்லும்போது, இரட்டையரின் பெற்றோர் மற்றப் பெற்றோரைவிடக் கடினமான இடத்தில் நிற்கிறார்கள். தனியாகப் பிறந்த குழந்தை ஒரு வகுப்பை மறுபடி படித்தால், இரண்டு மூன்று ஆண்டுகளில் சுற்றியிருப்போர் அதைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். பள்ளி மாறினால் யாருக்கும் தெரியவே தெரியாது. இரட்டையரில் ஒருவர் பின்னால் நின்றால் அந்த மறதிக்கு இடமில்லை. ஒரே பிறந்தநாளும் ஒரே வீடும் கொண்ட இன்னொரு குழந்தை, யாரும் ஒரு சொல் சொல்லாவிட்டாலும், அதை நாள்தோறும் நினைவூட்டிக்கொண்டிருக்கும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவரை மட்டும் நிறுத்துவது எப்போதும் தவறு என்று நான் கருதவில்லை. சில குழந்தைகளுக்கு அதுவே சரியான வழி. ஆனால் ஒரு குழந்தையை மற்றொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் அந்த முடிவு பிறந்திருக்கக் கூடாது. அந்தக் குழந்தை தனியாகப் பிறந்திருந்தாலும் இதே முடிவைத்தான் எடுத்திருப்போம் என்று உறுதியான பிறகே அதை எடுக்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த உறுதியைத் தேடும் வரிசையில் அமைந்திருக்கின்றன. ஒரே பிரசவத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்த குடும்பங்களுக்கும் இவை பொருந்தும். மாறுபடும் இடத்தைத் தனியே குறித்திருக்கிறேன்.

முதல் படி: எந்தக் கேள்வி என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள்

"ஒரு வருடம் நிறுத்துவது" என்ற ஒரே சொற்றொடருக்குள் இரண்டு வேறு செயல்கள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, பள்ளியில் சேர்ப்பதையே ஓராண்டு தள்ளிவைப்பது. இரண்டாவது, படித்து முடித்த வகுப்பிலேயே மீண்டும் உட்கார வைப்பது. பெரியவர்கள் கணக்கில் இரண்டும் ஓராண்டுதான். குழந்தையின் கணக்கில் அப்படியில்லை. தள்ளிச் சேர்க்கப்பட்ட குழந்தைக்குத் தான் எதையும் இழந்ததாகத் தெரியாது. மறுபடி அதே வகுப்பில் உட்காரும் குழந்தை, நேற்றுவரை பக்கத்தில் இருந்தவர்கள் வேறு அறைக்குப் போவதைக் கண்ணால் பார்க்கிறது.

இவற்றோடு, ஒருவரையா இருவரையுமா என்ற கேள்வியைச் சேர்த்தால் நான்கு பாதைகள் கிடைக்கின்றன. பள்ளி முன்வைத்தது எந்தப் பாதை, மற்ற மூன்றைப் பற்றி அது யோசித்ததா என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் ஒன்றைப் பற்றி மட்டுமே பேச்சு நடந்திருக்கும்.

இங்கேயே விதிகளையும் விசாரித்துவிட வேண்டும். தள்ளிச் சேர்க்கும் குழந்தை முதல் வகுப்பிலிருந்தே தொடங்குமா, அல்லது வயதைக் காட்டி நேராக இரண்டாம் வகுப்பில் சேர்த்துவிடுவார்களா, பின்னாளில் வயது வரம்பு உள்ள தேர்வுகளுக்கோ விளையாட்டுப் போட்டிகளுக்கோ இந்த ஓராண்டு தடையாகுமா, இறுதி முடிவு பெற்றோருடையதா பள்ளியுடையதா என்பவை நாட்டுக்கு நாடு, பள்ளிக்குப் பள்ளி மாறும். எடுத்துக்காட்டாக, இங்கிலாந்தின் பள்ளிச் சேர்க்கை விதிகளில், வயதுக்குரிய வகுப்புக்கு வெளியே சேர்க்கும்படி வரும் கோரிக்கையைப் பரிசீலிக்கும்போது, குறைமாதத்தில் பிறக்காதிருந்தால் அந்தக் குழந்தை இயல்பாகவே கீழ் வகுப்பில் வந்திருக்குமா என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் ஊரில் இதற்கு இணையான விதி இருக்கிறதா என்று எழுத்து மூலமாகக் கேட்டு, எழுத்து மூலமாகவே பதில் வாங்குங்கள்.

இரண்டாம் படி: அளவுகோலிலிருந்து மற்றக் குழந்தையை நீக்குங்கள்

இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான படி இதுதான். மிக எளிதாகத் தவறிப்போவதும் இதுதான்.

இரட்டையரைப் பார்க்கும் கண்ணுக்கு ஒரு பழக்கம் உண்டு. இருவரில் ஒருவர் சற்றுச் சுறுசுறுப்பாக இருந்தால் மற்றவர் மந்தமானவராகத் தோன்றுவார். ஒருவர் அமைதியாக இருந்தால் மற்றவர் அடங்காதவராகத் தோன்றுவார். இரட்டையரைப் பற்றிய ஆய்வுகளில் இது நன்கு அறியப்பட்ட சிக்கல். குழந்தைகளின் கவனக்குறைவையும் மிகையான துறுதுறுப்பையும் பற்றிப் பெற்றோரிடம் வினாத்தாள் தந்து மதிப்பெண் கேட்கும்போது, இருவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டை இருப்பதைவிடப் பெரிதாக்கிக் காட்டும் போக்கு தென்படுகிறது. ஆசிரியர்களும் மனிதர்கள்தான். வகுப்பில் முப்பது குழந்தைகள் இருந்தாலும், இரட்டையரில் ஒருவரின் விடைத்தாளைத் திருத்தி முடித்ததும் கை தானாகவே மற்றவரின் விடைத்தாளைத் தேடும்.

ஆகவே ஆசிரியரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "இந்தக் குழந்தை மட்டும் உங்கள் வகுப்புக்குத் தனியாக வந்திருந்தால், நிறுத்திவைக்கும்படி சொல்லியிருப்பீர்களா?" இதை மரியாதையோடும், விடைக்குக் காத்திருந்தும் கேளுங்கள். உடனே "ஆமாம்" என்று வந்தால் அதற்கான ஆதாரங்களைக் கேளுங்கள். தயங்கினால் அந்தத் தயக்கமே உங்களுக்கு வேண்டிய செய்தி.

அடுத்து, ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனித் தாள் எடுத்து, அந்த வகுப்பின் முடிவில் ஒரு குழந்தை செய்யக்கூடியவை என்று பாடத்திட்டம் எதிர்பார்ப்பவற்றை எழுதி, இந்தக் குழந்தை எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். எழுத்துகளை அடையாளம் காண்பது, எளிய சொற்றொடரைத் தானே வாசிப்பது, எண்களை ஒப்பிடுவது, இரண்டு கட்டளைகளைச் சேர்த்துச் சொன்னால் பின்பற்றுவது, கழிவறைக்குத் தானே போய் வருவது, உதவி தேவைப்படும்போது வாய்விட்டுக் கேட்பது ஆகியவை அதில் இடம்பெறட்டும். ஒரு தாளை எழுதும்போது மற்றத் தாள் கண்ணில் படக் கூடாது; முடிந்தால் வேறு வேறு நாள்களில் எழுதுங்கள். பல வீடுகளில் இதன் முடிவு வியப்பளிக்கும். பின்தங்கியதாகச் சொல்லப்பட்ட குழந்தை வகுப்பின் நடுப்பகுதியில் நிற்பதும், முன்னே ஓடும் மற்றக் குழந்தையால் மட்டுமே அது பின்னால் தெரிந்ததும் புலப்படும். அப்படியானால் நிறுத்திவைப்பதற்குக் காரணமே இல்லை. பேச்சு அங்கேயே முடிந்துவிடலாம்.

ஒருவருக்காக மற்றவர் பேசும் வழக்கத்தையும் கவனிக்க வேண்டும். ஆசிரியர் கேட்ட கேள்விக்கு ஒருத்தி பதில் சொல்லிவிடுவதால் மற்றவன் வாய் திறக்காமலே ஒரு வருடம் ஓடிப்போயிருக்கலாம். அவனைத் தனியே உட்கார வைத்துக் கேட்டால்தான் அவனுக்குத் தெரிந்தது எவ்வளவு என்பது வெளியே வரும்.

மூன்றாம் படி: பின்தங்கியதன் காரணத்தைத் தேடுங்கள்

ஓராண்டு என்பது காலம். அது மருந்து அல்ல. காலத்தால் ஆறக்கூடிய காரணமா, இல்லையா என்பதைப் பொறுத்தே அந்த ஆண்டின் பயன் அமையும்.

காலத்தால் ஆறக்கூடியது முதிர்ச்சிக் குறைவு. இரட்டையரில் ஏறத்தாழ பாதிப் பேரோ அதற்கு மேலோ 37 வாரங்கள் நிறைவதற்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள்; மூவராகப் பிறப்பவர்கள் இன்னும் முன்னதாகவே வந்துவிடுகிறார்கள். பிரசவத்துக்குக் குறித்த நாள், பள்ளிச் சேர்க்கையின் வயது வரம்புத் தேதிக்குப் பின்னும், உண்மையில் பிறந்த நாள் அதற்கு முன்னும் விழுந்திருந்தால், அடுத்த ஆண்டு வகுப்பில் மூத்தவர்களாக இருந்திருக்க வேண்டிய குழந்தைகள் இந்த ஆண்டு வகுப்பில் கடைக்குட்டிகளாக வந்து சேர்கிறார்கள். வகுப்பில் இளையவராக இருப்பதே ஒரு சுமை என்பதற்கு வலுவான சான்றுகள் உண்டு. அமெரிக்காவில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வில், செப்டம்பர் 1-ஐ வயது வரம்பாகக் கொண்ட மாநிலங்களில், வகுப்பின் இளையவர்களான ஆகஸ்டில் பிறந்தவர்களுக்கு, வகுப்பின் மூத்தவர்களான செப்டம்பரில் பிறந்தவர்களைவிட ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவுக் கோளாறு 34 விழுக்காடு கூடுதலாகக் கண்டறியப்பட்டிருந்தது. செப்டம்பர் 1-ஐ வயது வரம்பாகக் கொள்ளாத மாநிலங்களில் இந்த இடைவெளி காணப்படவில்லை. குழந்தையின் வயதையே நோயாகப் படித்துவிடும் ஆபத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஆனால் இந்தக் காரணம் இரட்டையரில் இருவருக்கும் பொதுவானது என்பதைக் கவனியுங்கள். பிறந்த தேதி ஒன்றுதானே. ஆகவே "வயது போதாது" என்ற வாதம் ஒருவரை மட்டும் நிறுத்துவதற்குப் போதுமான காரணமாக ஒருபோதும் ஆகாது. அதற்கு மேலாக ஏதோ ஒன்று அந்தக் குழந்தையிடம் இருக்க வேண்டும். அது என்ன என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் காதையும் கண்ணையும் பரிசோதியுங்கள். நடுச்செவியில் நீர் தங்கியிருந்தால் கேட்கும் திறன் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும்; அந்தக் குழந்தை சொல்பேச்சுக் கேளாததாகவும் கவனமற்றதாகவும் தெரியும். குறைமாதக் குழந்தைகளுக்குக் கண் தொடர்பான சிக்கல்கள் வரும் வாய்ப்பும் கூடுதல். அதன்பிறகு பேச்சு. தனிக்குழந்தைகளைவிட இரட்டையருக்குப் பேச்சு சற்றுத் தாமதமாவது பரவலாகக் காணப்படுவது, குறிப்பாக ஆண் குழந்தைகளிடம். இருவருக்கு மட்டும் புரியும் சொற்களால் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு. இதற்குப் பேச்சுப் பயிற்சியாளரின் உதவி தேவை. அதே பாடப்புத்தகத்தை இன்னொரு முறை புரட்டுவது அதைச் சரிசெய்யாது.

அடுத்தது டிஸ்லெக்ஸியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு போன்ற கற்றல் குறைபாடுகள். இவற்றில் மரபணுவின் பங்கு பெரிது. அமெரிக்காவின் கொலராடோவில் நடந்த இரட்டையர் ஆய்வுகளில், ஒருவருக்கு வாசிப்புக் குறைபாடு இருந்தால் ஒரே கருமுட்டையிலிருந்து உருவான ஒத்த இரட்டையரில் மற்றவருக்கும் இருப்பது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. இரு வேறு கருமுட்டைகளிலிருந்து உருவான ஒத்திராத இரட்டையரில் அது அதைவிட மிகக் குறைவு. ஆகவே ஒருவருக்குச் சோதனை செய்தால் மற்றவருக்கும் செய்துவிடுங்கள். "நன்றாகப் படிக்கும்" குழந்தை நினைவாற்றலால் ஈடுகட்டிக்கொண்டிருக்கலாம். முன்னவனை மட்டும் நிறுத்திய மறு ஆண்டு பின்னவளும் அதே இடத்தில் தடுமாறுவது உண்டு.

ஒத்த இரட்டையர் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருப்பார்கள் என்ற நம்பிக்கையையும் இங்கே விட்டுவிட வேண்டும். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்தவர்களுக்குள் ஒருவருக்கு இரத்த ஓட்டம் குறைந்து எடை வேறுபாட்டோடு பிறப்பதும், ஒருவர் மட்டும் பல வாரங்கள் தீவிர சிகிச்சையில் இருந்துவிட்டு வருவதும் நடக்கக்கூடியவை. அந்த வரலாறு இருந்தால் மருத்துவக் குறிப்புகளோடு வளர்ச்சி மதிப்பீட்டுக்குச் செல்லுங்கள்.

நான்காம் படி: ஆய்வுகள் சொல்வதைச் சரியாகப் படியுங்கள்

அதே வகுப்பில் மீண்டும் படிக்க வைப்பதைப் பற்றிக் கிடைக்கும் சான்று உற்சாகமூட்டுவதாக இல்லை. 1990 முதல் 1999 வரை வெளியான 20 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி அமெரிக்க உளவியல் ஆய்வாளர் ஷேன் ஜிமர்சன் 2001-இல் வெளியிட்ட மதிப்பாய்வில், நிறுத்தப்பட்டவர்கள், அவர்களைப் போலவே தடுமாறியும் மேல் வகுப்புக்கு அனுப்பப்பட்டவர்களைவிடப் படிப்பிலோ மனநலத்திலோ மேம்பட்டிருக்கவில்லை. 2005-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், ஒன்றாம், மூன்றாம், ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் எது மிகுந்த மன அழுத்தம் தரும் என்று கேட்டபோது, பெற்றோரை இழப்பதற்கு இணையான இடத்தில் வகுப்பில் நிறுத்தப்படுவதையும் குழந்தைகள் வைத்தார்கள். பெரியவர்களுக்கு இது மிகை என்று தோன்றலாம்; குழந்தை அப்படித்தான் உணர்கிறது.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில் 2002-இல் வந்த சட்டத்தின்படி, மூன்றாம் வகுப்பு வாசிப்புத் தேர்வில் கடைசி நிலையில் இருந்தவர்கள் நிறுத்தப்பட்டபோது, கோடை வாசிப்பு முகாமும் அடுத்த ஆண்டு முழுவதும் நாள்தோறும் 90 நிமிட வாசிப்புப் பயிற்சியும் சேர்த்துத் தரப்பட்டன. அவர்களின் மதிப்பெண் முதலில் நன்கு உயர்ந்தது. போகப்போக அந்த ஏற்றம் தேய்ந்தது. ஆயினும் உயர்நிலைப் பள்ளியில் அவர்களுக்குத் துணை வகுப்புகள் குறைவாகவே தேவைப்பட்டன. பள்ளியை முடிப்பவர்களின் விகிதம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சிகாகோவில் எட்டாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்களிடமோ படிப்பை இடையில் கைவிடுவது அதிகரித்தது. ஆறாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்களிடம் அப்படி நேரவில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு: நிறுத்துவதானால் மிகச் சிறிய வயதில் நிறுத்த வேண்டும், கூடவே வேறுவகையான பாடமுறையும் தர வேண்டும்.

சேர்க்கையைத் தள்ளிவைப்பது வேறு கதை. டென்மார்க்கில் நடந்த ஆய்வில், ஓராண்டு தாமதமாகப் பள்ளியில் சேர்ந்த குழந்தைகளிடம் கவனச்சிதறலும் துறுதுறுப்பும் கணிசமாகக் குறைந்திருந்ததும், அந்த வேறுபாடு 11 வயதிலும் நீடித்ததும் தெரிந்தது. அங்கே அந்த ஓராண்டைக் குழந்தைகள் நல்ல மழலையர் விளையாட்டுப் பள்ளிகளில் கழித்தார்கள் என்பதை மறக்கக் கூடாது; வெறுமனே வீட்டில் உட்கார வைத்த ஆண்டுக்கு அந்த முடிவைப் பொருத்த முடியாது.

மேலே சொன்ன எந்த ஆய்வும் இரட்டையரில் ஒருவரை மட்டும் நிறுத்துவதைத் தனியே அளந்ததல்ல. ஆகவே இவை கொடுக்கும் நிகர மதிப்பிலிருந்து, அடுத்த படியில் வரும் கூடுதல் விலையை நீங்களே கழித்துப் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: இரட்டையருக்கே உரிய விலையைக் கணக்கிடுங்கள்

புதிதாக ஒருவரைச் சந்திக்கும்போதெல்லாம் இரட்டையரிடம் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு: "யார் மூத்தவர்?" என்பது ஒன்று, "ஒரே வகுப்பா?" என்பது இன்னொன்று. வகுப்பு வேறானால் இரண்டாவது கேள்விக்குப் பின் "ஏன்?" என்ற மூன்றாவது தவறாமல் வரும். அதற்கான விடையை அந்தக் குழந்தை ஏழு வயதிலும் பதினேழு வயதிலும் சொல்ல வேண்டியிருக்கும். உருவம் ஒன்றாக இருக்கும் ஒத்த இரட்டையருக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வரும். ஆணும் பெண்ணுமான இரட்டையருக்குச் சற்றுக் குறைவு, ஏனெனில் பலர் அவர்களை ஓராண்டு இடைவெளியில் பிறந்தவர்கள் என்றே எண்ணிவிடுவார்கள்.

நிமிடக் கணக்கில் மூத்தவர் யார் என்பதும் இங்கே எடை கூடிவிடுகிறது. ஐந்து நிமிடம் பிந்திப் பிறந்தவனைப் பின்னால் நிறுத்தினால், "சின்னவன்" என்ற செல்லப்பெயர் மெய்யாகவே தகுதிக் குறைவாக மாறிவிடும். மூத்தவளை நிறுத்தினாலோ, அதுவரை அவள் பிடித்திருந்த இடம் தலைகீழாகும். இரண்டில் எது எளிது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் அந்த மூப்பை எவ்வளவு பெரிதாகப் பேசி வந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. ஆணும் பெண்ணுமான இரட்டையரில் தொடக்க வயதில் பெண் குழந்தையின் பேச்சும் கை நுண்திறனும் முன்னே செல்வது இயல்பு என்பதால், பையனை நிறுத்தும் யோசனை மிக விரைவாக வரும். அந்த இடைவெளியில் பெரும்பகுதி சில ஆண்டுகளில் சுருங்கிவிடக்கூடியது என்பதால், அங்கே இரட்டிப்பு நிதானம் வேண்டும்.

மேலே செல்லும் குழந்தையின் கணக்கைப் பலரும் எழுதுவதே இல்லை. தன்னால்தான் உடன்பிறப்பு பின்தங்கித் தெரிகிறது என்று எண்ணி, வேண்டுமென்றே மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. அதற்கு நேர்மாறாக, வெற்றி பெற்றவர் என்ற முகவரியோடு வீட்டில் அதிகாரம் செய்யத் தொடங்கும் குழந்தைகளும் உண்டு. மூவராகப் பிறந்தவர்களில் ஒருவரை மட்டும் நிறுத்தினால், மற்ற இருவரும் ஓர் அணியாகி அவர் தனித்துப்போகும் ஆபத்து கூடுதல். அங்கே ஒருவரை நிறுத்துவதற்கு இரட்டையரைவிட வலுவான காரணம் வேண்டும் என்பது என் கருத்து.

ஆறாம் படி: நிறுத்தாமலே செய்யக்கூடியவற்றை முதலில் செய்து பாருங்கள்

கையில் ஒரு பருவமாவது இருந்தால், பன்னிரண்டு வாரத் திட்டம் ஒன்றைப் பள்ளியோடு சேர்ந்து எழுதுங்கள். எந்தத் திறன், இப்போது எந்த நிலை, யார் எத்தனை நாள் பயிற்சி தருவார்கள், எந்தத் தேதியில் மீண்டும் அளப்பது என்பன அதில் இருக்க வேண்டும். "வீட்டில் கொஞ்சம் கவனியுங்கள்" என்பது திட்டமாகாது. அளவெடுக்கும்போது அந்தக் குழந்தையின் முந்தைய நிலையோடு மட்டும் ஒப்பிடுங்கள். பன்னிரண்டு வாரத்தில் தெளிவான நகர்வு தெரிந்தால், மேல் வகுப்புக்கு அனுப்பி அதே உதவியைத் தொடர்வதே பெரும்பாலும் சரியான முடிவு.

ஒரே வகுப்பில் வேறு வேறு பிரிவுகளில் உட்கார வைப்பது இன்னொரு வழி. ஒப்பீட்டின் கூர்மை அதனால் மழுங்கும். மற்றவருக்காகப் பேசும் வழக்கமும் குறையும். பிரித்து வைப்பதால் படிப்பு பெரிதாகக் கூடுவதோ குறைவதோ இல்லை என்று, இங்கிலாந்து, வேல்ஸ், கனடாவின் கியூபெக் ஆகிய இடங்களின் இரட்டையரை ஆராய்ந்து 2018-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. ஆனால் பள்ளி தொடங்கும்போதே பிரிக்கப்பட்ட சில குழந்தைகளிடம் கவலையும் ஒடுங்கிப்போதலும் கூடுதலாக இருந்ததை 2004-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. ஆகவே பிரிவு மாற்றத்தைக் குழந்தைகளிடம் கேட்டுச் செய்யுங்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா 2005-இல் இதற்கெனச் சட்டமே இயற்றி, இரட்டையரைச் சேர்த்து வைப்பதா பிரிப்பதா என்பதில் பெற்றோரின் கோரிக்கைக்கு இடமளித்தது. சட்டம் இல்லாத இடங்களிலும் கேட்பதற்குத் தடையில்லை.

ஏழாம் படி: இருவரையும் சேர்த்து நிறுத்துவதைப் பற்றி

பள்ளியில் இன்னும் சேர்க்கவில்லை, இருவரும் குறைமாதத்தில் பிறந்தவர்கள், வயது வரம்புத் தேதிக்கு மிக நெருங்கிய பிறந்தநாள் என்றால், இருவரையும் சேர்த்தே ஓராண்டு தள்ளிச் சேர்ப்பதைத் தயங்காமல் யோசிக்கலாம். தயாராக இருக்கும் குழந்தை அதனால் பெரிதாக இழப்பதில்லை. நல்ல விளையாட்டுப் பள்ளி கிடைத்தால் இழப்பே இல்லை.

ஆனால் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் படித்த பிறகு, ஒருவரின் தடுமாற்றத்துக்காக நன்றாகப் படிக்கும் மற்றவரையும் நிறுத்துவதை நான் ஏற்பதில்லை. தெரிந்த பாடத்தை மறுபடி கேட்கும் குழந்தை சலிப்படைவது ஒருபுறம். தான் ஏன் நிறுத்தப்பட்டோம் என்பதை அது ஒருநாள் கண்டுபிடித்துவிடும் என்பது மறுபுறம். அந்த மனத்தாங்கல் பெற்றோர்மீது விழாது, உடன்பிறப்பின்மீதே விழும்.

எட்டாம் படி: ஒருவரை மட்டும் நிறுத்துவது எப்போது சரி

மேலே சொன்ன எல்லாவற்றையும் கடந்த பிறகும் சில குழந்தைகளுக்கு இது தேவைப்படும். ஒருவருக்கு மட்டும் வளர்ச்சித் தாமதம் மருத்துவ முறையில் உறுதியாகி, இருவரின் பாதைகளும் முன்பிருந்தே வேறாக இருக்கும் வீடுகளில், வகுப்பு வேறாவது புதிய காயமாக இருப்பதில்லை. நீண்ட நோயாலோ அறுவைச் சிகிச்சையாலோ ஒருவர் ஆண்டின் பெரும்பகுதி பள்ளிக்கே போகாதிருந்தால் காரணம் எல்லோருக்கும் வெளிப்படை. "நான் மருத்துவமனையில் இருந்தேன்" என்று அந்தக் குழந்தை தலைநிமிர்ந்து சொல்ல முடியும். தனியே அளந்தபோதும் வகுப்பின் எதிர்பார்ப்புக்கு வெகு கீழே இருந்து, பன்னிரண்டு வாரப் பயிற்சியிலும் நகராமல், நாள்தோறும் அழுதுகொண்டே பள்ளிக்குப் போகும் சிறு குழந்தை மூன்றாவது. இந்த மூன்றாவது நிலையில், முடிவை முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் எடுத்துவிடுவது நல்லது. அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் விலை ஏறிக்கொண்டே போகும்.

அப்போதும் ஒரு நிபந்தனை உண்டு. திரும்பப் படிக்கும் ஆண்டில் என்ன மாறப்போகிறது என்று பள்ளி எழுதித் தர வேண்டும். அதே அறை, அதே புத்தகம், அதே முறை என்றால் சம்மதிக்காதீர்கள். முடிந்தால் வேறு ஆசிரியரைக் கேளுங்கள். ஒரே பள்ளியில் வைப்பதா, வேறு பள்ளியில் சேர்ப்பதா என்பதையும் யோசிக்க வேண்டும். கேலியைத் தவிர்க்க வேறு பள்ளி உதவும், ஆனால் உடன்பிறப்போடு நண்பர்களையும் ஒரே நாளில் இழப்பதாகவும் அது முடியலாம்.

ஒன்பதாம் படி: குழந்தைகளிடம் சொல்வது

முடிவை ஆசிரியரோ உறவினரோ சொல்லிக் குழந்தைக்குத் தெரியக் கூடாது. முதலில் நிறுத்தப்படும் குழந்தையிடம் தனியாக, பிறகு மற்றவரிடம் தனியாக, அதன்பின் இருவரையும் சேர்த்து வைத்துச் சொல்லுங்கள். "நீ சரியாகப் படிக்கவில்லை" என்பதும் "அவள் உன்னைவிடக் கெட்டிக்காரி" என்பதும் வாயில் வரக் கூடாது, பொய்யும் கூடாது. "வாசிப்பு உனக்குப் பிடிபட இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும். அந்த நேரத்தை உனக்குக் கொடுக்க முடிவு செய்தது அம்மாவும் அப்பாவும். இது தண்டனை இல்லை" என்ற அளவில் உண்மையைச் சொன்னால் போதும். அழுதால் அழ விடுங்கள்; உடனே ஆறுதலாகப் பொம்மை வாங்கித் தந்தால், மோசமான ஏதோ நடந்துவிட்டது என்று அது உறுதிசெய்துகொள்ளும்.

"ஏன் வேறு வேறு வகுப்பு?" என்ற கேள்விக்கு ஒரே வரியில் ஒரு விடையைக் குழந்தைகளோடு சேர்ந்தே தயார் செய்யுங்கள். "நான் ஒரு வருடம் தள்ளிப் படிக்கிறேன்" என்பதே போதும். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை என்றும் சொல்லிக்கொடுங்கள். மற்றக் குழந்தையும் அதே விடையைத்தான் சொல்ல வேண்டும். கூடுதல் விவரம் சொல்வது உடன்பிறப்பின் செய்தியை அனுமதியின்றிப் பகிர்வது என்பது ஆறு வயதுக் குழந்தைக்கும் புரியும்.

பத்தாம் படி: முடிவுக்குப் பிறகான ஆண்டுகள்

வீட்டில் சில ஏற்பாடுகளை மாற்ற வேண்டும். மதிப்பெண் அட்டைகளை ஒரே நேரத்தில் பிரித்துப் பார்க்காதீர்கள். மேல் வகுப்பில் இருப்பவரைக் கீழ் வகுப்பில் இருப்பவருக்குப் பாடம் சொல்லித்தரச் சொல்லாதீர்கள். எவ்வளவு வசதியாகத் தோன்றினாலும் அது உடன்பிறப்பை ஆசிரியராக்கிவிடும். நிறுத்தப்பட்ட குழந்தை முன்னே நிற்கும் ஏதாவது ஒரு களம், நீச்சலோ ஓவியமோ இசையோ, மற்றவர் நுழையாததாக இருந்தால் நல்லது.

முதல் மூன்று மாத முடிவில் ஒருமுறை, ஆண்டு முடிவில் ஒருமுறை ஆசிரியரோடு உட்கார்ந்து, எழுதி வாங்கிய திட்டம் நடக்கிறதா என்று பாருங்கள். குழந்தை எதிர்பார்த்ததைவிட வேகமாக எழுந்துவிட்டால் இடையில் மேல் வகுப்புக்கு அனுப்ப வழியுண்டா என்று முன்கூட்டியே கேட்டுவைப்பதில் தவறில்லை. மாறாக, உதவி தந்தும் நகர்வில்லை என்றால் மூன்றாம் படிக்குத் திரும்பிப் போய், தவறவிட்ட காரணத்தைத் தேடுங்கள்; இரண்டாவது முறை நிறுத்தும் யோசனைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கேள்வி மறுபடி எழும். அப்போது குழந்தையே வந்து, என்னை மட்டும் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கும். அன்று காட்டுவதற்காகத்தான், முடிவெடுத்த ஆண்டில் எழுதிய தாள்களையும் பள்ளியின் கடிதங்களையும் மருத்துவ அறிக்கைகளையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறேன். அவற்றில் அந்தக் குழந்தையின் பெயர் மட்டுமே இருக்க வேண்டும்.